மெட்டி ஒலி மாணிக்கம் முதல் எதிர்நீச்சல் குணசேகரன் வரை: மனதில் நின்றவர்கள் யார், ஏன்?

வருடக்கணக்கில் ஓடிய தமிழ் சீரியல்களில் மறக்க முடியாத பாத்திரங்கள் யார், எந்தக் கதைப்பகுதி இன்னும் மனதில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் ‘சித்தி’ ஓடிய 1999, 2000 காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால் ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரன். இரண்டாவதாக ‘கோலங்கள்’ அபியும் ஆதித்யாவும். இவர்களைப் பிரிக்க முடியாது, ஜோடியாகத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் ‘மெட்டி ஒலி’ மாணிக்கம், ‘தெய்வமகள்’ அண்ணியார். கதைப்பகுதி என்றால் ‘எதிர்நீச்சல்’ ஆதிரை கல்யாணமும் அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கும்.

ஏன் இவர்கள் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. சீரியலைப் பார்க்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, பாதி நேரம் கேட்கத்தான் செய்கிறோம். அடுப்பில் தோசை வெந்துகொண்டிருக்கும், கை பாத்திரத்தில் இருக்கும், பிள்ளை வீட்டுப்பாடத்தோடு பக்கத்தில் நிற்கும். டிவி ஹாலில் ஓடும், நாம் சமையலறையில் இருப்போம். அங்கிருந்தே “யாரு வந்திருக்கா?” என்று தெரிந்துவிட வேண்டும். மூன்று நாள் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் புரிய வேண்டும். தினசரித் தொடரை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் முகத்தைவிடக் குரலும், குரலைவிட ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடும் விதமும்தான் சீரியலில் பாத்திரத்தை உண்டாக்குகிறது. ‘கோலங்கள்’ 1533 எபிசோட் ஓடியது, 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை. அத்தனையிலும் என்ன நடந்தது என்று யாராலும் வரிசையாகச் சொல்ல முடியாது. ஆனால் யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது அப்படியே நினைவில் இருக்கும்.

‘சித்தி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பே ஒரு அழைப்பு. சி.ஜே. பாஸ்கர் இயக்கத்தில் ராதிகா சாரதாவாக நடித்தார், சிவகுமார் உடன் நடித்தார். தமிழ்க் குடும்பத்தில் சித்தி என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. அம்மாவின் தங்கை என்றால் அதில் செல்லம் இருக்கும். அப்பாவின் இரண்டாவது மனைவி என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெறாத பிள்ளைக்குத் தாயாக நிற்கும் ஒரு பெண்ணின் கதைக்கு இந்த ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. அந்தக் குழந்தை வாயில் ‘சித்தி’ என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாக ‘அம்மா’வின் எடையைப் பெறுவதுதான் அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது. மற்ற சூழ்ச்சிகள் பல எனக்கு மறந்துவிட்டன.

‘மெட்டி ஒலி’ 2002-லிருந்து 2005 வரை 811 எபிசோட். திருமுருகன் இயக்கி, கோபியாக அவரே நடித்தார். தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்த சிதம்பரமாக டெல்லி குமார். தனம், சரோ, லீலா, விஜி, பவானி என்று ஐந்து பெயரையும் இன்றைக்கும் மூச்சுவிடாமல் சொல்பவர்களை எனக்குத் தெரியும். கதை ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு பெண்ணும் கல்யாணமாகிப் போகிறாள், போன வீட்டுப் பிரச்சினை அப்பா வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான். கொலை இல்லாமலே அடுத்த நாளுக்காகக் காத்திருக்க வைத்தார்கள்.

அதில் சரோவின் கணவன் மாணிக்கமாக நடித்தவர் சேத்தன். அவனுடைய அம்மா ராஜமாக சாந்தி வில்லியம்ஸ். மாணிக்கத்தின் பாத்திரம் முழுக்க ‘அம்மா’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும். அம்மா சொன்னதுதான் சட்டம். மனைவியிடம் குரல் உயரும், அம்மா முன்னால் அதே குரல் தாழ்ந்துவிடும். அந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் சரோவின் வாழ்க்கை. எங்கள் அத்தை அப்போது தினமும் பூ கட்டிக்கொண்டே பார்ப்பார். மாணிக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்கும் காட்சியில் நாரை இழுத்து முடிச்சுப் போடும் கை நின்றுவிடும். “வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்டா” என்பார் டிவியைப் பார்த்து. அடுத்த முடிச்சு கொஞ்சம் இறுக்கமாக விழும். அத்தைக்கு அந்த நடிகரின் பெயர் கடைசி வரை தெரியாது. வேறு தொடரில் அவர் நல்லவராக வந்தபோதுகூட “இவன் மாணிக்கம்தானே” என்றுதான் சொன்னார். டைட்டில் பாட்டுக்கு ஆடிய சாந்திக்கும் அதே கதைதான். அவர் இன்றுவரை ‘மெட்டி ஒலி சாந்தி’தான்.

‘கோலங்கள்’ விஷயத்துக்கு வருகிறேன். திருச்செல்வம் இயக்கியது. தேவயானி அபியாக நடித்தார். அம்மா கற்பகம், தம்பி, தங்கைகள் என்று ஒரு குடும்பத்தையே தோளில் சுமக்கும் பெண். கணவன் பாஸ்கரோடு வாழ்க்கை சரிப்படாமல் போகிறது. அப்புறம் கட்டுமானத் தொழிலில் சொந்தக் காலில் நிற்கிறாள். எதிரே ஆதித்யா. ஒரே அப்பாவுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் இருவரும். அஜய் கபூர் நடித்த அந்த ஆதி, தமிழ் சீரியல் வில்லன்களில் ஒரு புது வகை. அதுவரை கெடுதல் செய்வது பெரும்பாலும் மாமியார், நாத்தனார், ஓரகத்தி வேலையாக இருந்தது. ஆதி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, அலுவலகத்தில் உட்கார்ந்து, டெண்டரிலும் ஒப்பந்தத்திலும் அபியை அடித்தான். பெண் தொழில் செய்தால் என்ன தடை வரும் என்பதை அந்தத் தொடர் உண்மையாகக் காட்டியது: கடன், கூட்டாளி, நம்பிக்கைத் துரோகம், வீட்டுக்குள்ளிருந்தே வரும் முட்டுக்கட்டை.

அபி கத்திப் பேச மாட்டாள். இதுதான் தேவயானி செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். ஆதி எவ்வளவு கத்துகிறானோ அவ்வளவு மெதுவாக அபி பேசுவாள். சமையலறையிலிருந்து கேட்பவர்களுக்கு அந்த இரண்டு ஒலி அளவுகளே போதும், யார் பேசுகிறார்கள், யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தோழி உஷாவாக தீபா வெங்கட். பின்னாளில் நயன்தாராவுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் அவர். அந்தக் குரலின் தெளிவு உஷாவிடமே இருந்தது. அபிக்குத் துணை நிற்கும் தொல்காப்பியனாக திருச்செல்வமே வந்தார். கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஆண் நண்பனாக நிற்க முடியும் என்பதை வருடக்கணக்கில் தினமும் இரவில் வீட்டு ஹாலில் காட்டியது சின்ன விஷயம் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றி நடந்த வாக்குவாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

‘தெய்வமகள்’ 2013-லிருந்து 2018 வரை ஓடியது. நாயகன் பிரகாஷாக கிருஷ்ணா, நாயகி சத்யாவாக வாணி போஜன். ஆனால் அந்தத் தொடரை யாரும் அவர்கள் பெயரில் நினைவு வைத்திருக்கவில்லை. அண்ணன் மனைவி காயத்ரிதான், ரேகா கிருஷ்ணப்பா நடித்தது. பிரகாஷ் அவளை ‘அண்ணி’ என்று கூப்பிட மாட்டான், ‘அண்ணியார்’ என்பான். அந்த ‘ஆர்’ விகுதிதான் எல்லாம். மரியாதைக்கு மேல் ஒரு மரியாதை. அவள் செய்வது தெரியவந்த பிறகும், நேருக்கு நேர் மோதும்போதும் அதே ‘அண்ணியார்’. முதலில் பக்தியாக இருந்த சொல் பின்னால் சவாலாக மாறியது. சொல் மாறவில்லை, சொல்லும் தொனி மட்டும் மாறியது. அந்த வீட்டுக்குள், பூஜை அறைக்கும் பீரோ சாவிக்கும் நடுவில், சிரித்துக்கொண்டே ஆளை ஆளோடு மோதவிட்ட காயத்ரிதான் பயங்கரமானவள். வெளியே வந்து அடியாள், கடத்தல் என்று போன பிறகு பரபரப்பு கூடியது, பயம் குறைந்துவிட்டது. நம் வீட்டில் இருக்கக்கூடிய ஒருத்தி என்ற எண்ணம் போய்விட்டால் அண்ணியார் வெறும் வில்லிதான்.

இனி எதிர்நீச்சல். 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. மறுபடியும் திருச்செல்வம். வசனம் ஸ்ரீவித்யா. மதுரையில் ஒரு பெரிய வீடு. குணசேகரன், ஞானசேகரன், கதிர், சக்தி என்று நான்கு அண்ணன் தம்பிகள். நால்வருக்கும் படித்த பெண்களாகத் தேடிக் கட்டிவைக்கிறார்கள்; ஆனால் கட்டிவந்த பிறகு அந்தப் படிப்பு சமையலறைக் கதவைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு முரண்பாட்டில்தான் மொத்தத் தொடரும் நிற்கிறது. ‘எங்கள் வீட்டு மருமகள் எம்.ஏ. படித்தவள்’ என்று பெருமை பேசிக்கொண்டே வேலைக்கு அனுப்பாத வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அது பிடித்துக்கொண்டது.

குணசேகரனாக மாரிமுத்து. திரைப்பட இயக்குநர், தேனிப் பக்கத்து மனிதர். அவர் கூப்பிடும் ‘ஏய்… இந்தாம்மா’ தமிழ்நாடு முழுக்கப் பரவியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ‘ஏய்’ என்பது ஆளை மட்டம் தட்டும் சொல். ‘இந்தா’ என்பது கவனத்தை இழுக்கும் சொல். தெக்கத்திப் பேச்சில் யாரையும் எதற்கும் அப்படித்தான் திருப்புவார்கள். ‘அம்மா’ என்பது மரியாதை. ஒரே மூச்சில் அதட்டலும் அதிகாரமும் மரியாதையும். பெண்களை மதிக்கிறோம், தெய்வமாகப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களை ஒரு அடி நகரவிடாத மனிதனின் முழுக் குணமும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. மாரிமுத்து அதைச் சொல்லும்போது கோபத்தில் சொல்ல மாட்டார். எரிச்சலும் சலிப்புமாகச் சொல்வார், இதையெல்லாம் நான் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுபோல. தான் செய்வது தப்பு என்று அந்த மனிதனுக்கு ஒரு நொடிகூடத் தோன்றாது. ஊர் மரியாதை, குடும்ப மானம், தம்பிகளுக்குச் சோறு போட்டு வளர்த்த கணக்கு என்று எல்லாமே அவர் பக்கம் நியாயம்தான். அந்த நம்பிக்கைதான் அவரை உயரமாக்கியது. நம் பெரியப்பாக்களிலும் மாமாக்களிலும் ஒருவரை அவரிடம் பார்க்காதவர்கள் குறைவு.

எதிரே நான்கு பெண்கள். பேசாமல் பேசி முடிக்கும் ஈஸ்வரி (கனிகா), வாய்த் துடுக்கான நந்தினி (ஹரிப்ரியா), நடனம் தெரிந்த ரேணுகா (பிரியதர்ஷினி), கடைசியாக வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கும் ஜனனி (மதுமிதா). இதில் நாயகி ஜனனிதான். ஆனால் என் மனதில் நின்றது நந்தினியும் ஈஸ்வரியும். கோபத்தைக் கிண்டலாக மாற்றி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கணவனை மடக்குவாள் நந்தினி. நான்கு பேரும் சமையலறையில் தணிந்த குரலில் பேசிக்கொள்ளும் காட்சிகளில் ஓரகத்திகள் என்றாலே சண்டைதான் என்ற பழைய சீரியல் கணக்கு உடைந்தது. ‘அக்கா’ என்று ஒருத்தியை ஒருத்தி கூப்பிடும்போது அதில் வேஷம் இல்லை. இருபது வருடமாக மருமகள்களை ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிட்ட தொடர்களுக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தொடர்ந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

ஆதிரை கல்யாணப் பகுதியை ஏன் மறக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். குணசேகரனின் தங்கை ஆதிரைக்கு அருணைப் பிடித்திருக்கிறது. அண்ணன் ஒத்துக்கொண்டதுபோல நடந்துகொள்கிறார். உள்ளுக்குள் கரிகாலனுக்குக் கட்டிவைக்கத் திட்டம். இந்த இழுபறி வாரக்கணக்கில் போனது. பார்க்கிறவர்கள் அலுத்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் சேனலை மாற்றவில்லை. கடைசியில் அவள் விரும்பாத ஒருவன் கையால் தாலி ஏறியது. அந்த நாளில் பல வீடுகளில் நிஜமாகவே கோபம் வந்தது, எங்கள் வீட்டிலும்தான். நல்லவர்கள் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து கல்யாணத்தை நிறுத்துவது சீரியலில் வழக்கம். இங்கே நான்கு அண்ணிகளும் முட்டிமோதியும் நிறுத்த முடியவில்லை. அந்தத் தோல்விதான் தொடரை உண்மையாக்கியது.

அப்பத்தா கதை இன்னொரு வகை. பட்டம்மாளாக பாம்பே ஞானம். சொத்தில் 40 சதவீதம் அப்பத்தா பெயரில் இருக்கிறது, குணசேகரனுக்கு அவள் கையெழுத்து வேண்டும். வெளியே வீட்டின் ராஜா அவர்தான், ஆனால் ஒரு கிழவி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் அவரைத் தடுக்கிறாள். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமானது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. ஆனாலும் கூடப்பிறந்தவளைக் கூப்பிட்டு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய வாரம் கிடைக்கும் உபசாரமும், போட்ட மறுவாரம் மாறும் பேச்சும் பல பெண்களுக்குப் பழக்கமானவை. அதனால் ‘அப்பத்தா கையெழுத்துப் போட்டுடாத’ என்று மக்கள் பதறியது கதைக்காக மட்டும் இல்லை.

2023 செப்டம்பர் 8-ம் தேதி மாரிமுத்து காலமானார். இந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த காலை நேரத்தில் மாரடைப்பு. கேட்டே பழகிய ஒரு குரல், குரல் கொடுக்கும் இடத்திலேயே நின்றுபோனது. அன்றைக்கு இரவு ஒன்பதரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தபோது யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் “இனி அந்த வீட்டுல யாரு அதட்டுவா?” என்று கேட்டார். திட்டித் தீர்த்த மனிதனுக்காக அழுதோம். குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கதையைத் திருப்பினார்கள், பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தில் வந்தார். அவர் நல்ல நடிகர், அவரிடம் ஒரு முறுக்கு இருந்தது. ஆனால் அவருடையது மிரட்டும் குரல். மாரிமுத்துவின் குரலில் இருந்த அந்த வீட்டுச் சலிப்பு வரவில்லை, வரவும் முடியாது. பாத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பத் தலைவனிலிருந்து வெறும் வில்லனாக நகர்ந்தது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்து காவ்யா வந்தபோதும் இதே அனுபவம்தான். முகத்துக்குச் சில வாரத்தில் பழகிவிடுகிறோம். குரலுக்குப் பழக ரொம்ப நாள் ஆகிறது.

எதிர்நீச்சலின் பிற்பகுதியில் வந்த கடத்தல் பகுதியெல்லாம் எனக்கு ஒட்டவில்லை. வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, வருகிறது, கொஞ்சம் இறங்கினால் யாரையாவது கடத்த வேண்டும், விஷம் வைக்க வேண்டும் என்ற நெருக்கடி எல்லாத் தொடருக்கும் உண்டு. அது எழுதுகிறவர்களின் சிரமம், புரிகிறது. ஆனால் நந்தினி சமையலைத் தொழிலாக்கப் பார்த்ததும், ரேணுகா நடனத்துக்குத் திரும்பப் பார்த்ததும் பத்துக் கடத்தலைவிட விறுவிறுப்பாக இருந்தன. 2024 டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தது, ஜனனியாக பார்வதி. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

புதிதாகப் பார்க்க நினைக்கிறீர்கள் என்றால், சன் நெக்ஸ்ட் செயலியில் எதிர்நீச்சலை முதல் எபிசோடிலிருந்து ஆதிரை கல்யாணம் வரை பாருங்கள், அதுதான் அதன் நல்ல காலம். மெட்டி ஒலியை எங்கிருந்து தொடங்கினாலும் சரி, சரோ மாமியார் வீட்டில் இருக்கும் எபிசோடுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒருநாள் டிவியை ஓடவிட்டுவிட்டு சமையலறைக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டே கேளுங்கள். ராஜம் கூடத்தில் இருக்கிறாளா இல்லையா என்பது மாணிக்கம் சரோவிடம் பேசும் குரலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.